அரை டீ நேரம்

சகாயம் சார் இறந்துபோன செய்திக்கு முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவள் நான்தான். வெட்கக்கேடுதான். ஆனால் இதை விழுங்கிவிட்டு அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத என்னால் ஆகாது.

வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களைப் பக்கம் கட்டி, பிழை திருத்தி அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. அதில் எங்கள் குழு, தலைவரான சகாயம் சாரையும் சேர்த்து, ஏழு பேர். எல்லோரும் பெங்களூரில்தான் இருக்கிறோம். எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்கிறோம். ஆபீஸ் என்று ஒரு கட்டடம் முன்பு இருந்ததாம். நோய்க்காலத்தில் பூட்டியவர்கள் திறக்கவே இல்லை. நான் அதற்குப் பிறகு சேர்ந்தவள். அந்தக் கட்டடத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. தினமும் காலை ஒன்பது மணி சுமாருக்கு வாட்ஸப் குழுவில் சாரிடமிருந்து ஒரு வரி வரும்: "எல்லாரும் எழுந்தாச்சா?" நாங்கள் ஆளுக்கொரு கட்டைவிரல் போடுவோம். அதை யாரும் படிப்பதில்லை. வலது கையில் தோசைத் திருப்பி, இடது கையில் விரல், அவ்வளவுதான்.

அன்றைக்கும் அவர் எண்ணிலிருந்து செய்தி வந்தது. விரலைப் போட்டேன், தோசையைத் திருப்பினேன். எனக்குப் பின்னால் வரிசையாக இன்னும் மூன்று விரல்கள் வந்தன. பிறகு எங்கள் மஞ்சுநாத், "யாராவது படிச்சீங்களா?" என்று கேட்டிருந்தான். அப்போதுதான் படித்தேன். "சகாயம் இன்று விடியற்காலை ஆண்டவரிடம் சேர்ந்தார். மாலை நான்கு மணிக்கு அடக்கம். பிலோமினா." அவருடைய மனைவி, எங்கள் எண் வேறெங்கும் இல்லாததால், அவர் போனிலிருந்தே அனுப்பியிருந்தார்.

விரலை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பிரயோசனம்? தோசை கருகி வீடெல்லாம் புகை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சகாயம் சார் பெங்களூரிலேயே ஜோகுபாளையத்துக்காரர். அவருக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆட்டோக்காரர்களிடம் உருது, வேலை தாமதமானால் மட்டும் ஆங்கிலம். குரல் இருக்கிறதே, அது பழைய சர்ச்சின் மரக்கதவு திறப்பதுபோல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குரலை வைத்து அவருக்கு ஆறடி உயரமும் அதற்கேற்ற தோள்களும் நான் கொடுத்துவிட்டேன். கணினித் திரையில் எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டம். அதில் யார் நெட்டை, யார் குட்டை என்பது எப்படித் தெரியும்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் கஞ்சி போட்ட துப்பட்டா; திரைக்குக் கீழே நைட்டி. பாதி மனுஷியாகவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

புதிதாக யார் சேர்ந்தாலும், அவர் வீட்டுத் தெருமுனைக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது சாரின் வழக்கம். எனக்கும் போன் வந்தது. "சனிக்கிழமை உங்க ஏரியாவுக்கு வரேன் மேடம். பக்கத்துல பேக்கரி இருக்குமில்ல? அங்க முகம் பாத்துட்டுப் போயிடறேன்." நான் ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருப்பவள். கணவர் மஸ்கட்டில், மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதற்கென்று ஒருவர் பெட்ரோல் செலவழிப்பது இந்த ஊரில் அதுவே முதல் தடவை. சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போய் பேக்கரி வாசலில் நின்று, ஆறடி ஆள் எவராவது வருகிறாரா என்று தெருவின் உயரத்தையே அளந்துகொண்டிருந்தேன்.

"பத்மினி மேடம்தானே?"

அந்த மரக்கதவுக் குரல் என் தோளுக்குக் கீழேயிருந்து வந்தது. திரும்பிக் குனிந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு சின்ன மனிதர், கையில் ஸ்கூட்டர் சாவியோடு நின்றிருந்தார்.

"சகாயம் சாரா? நீங்களா?"

"நான்தான். மிச்சம் பின்னாடி வரலை மேடம். இவ்ளோதான்."

டீ சொன்னார். ஒரே டீயை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவதற்கு எங்கள் ஊரில் 'பை டூ' என்று பெயர். அதைத்தான் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏன் சார், முழு டீ வாங்கித் தர்ற அளவுக்குக் கம்பெனி சம்பளம் தரலையா?"

"முழு டீன்னா கதை நீண்டுரும். உங்களைப் பாத்தா ஊர்க் கதையெல்லாம் ஸ்டாக் வெச்சிருக்கிற ஆளாத் தெரியுது."

"சரி, வீடு பக்கத்துலதான். உள்ள வந்துட்டுப் போங்க."

"வேணாம். வீடு உங்களுது, தெரு பொது. இங்கயே நல்லாருக்கு." பிறகு கேட்டார்: "உங்களுக்கு ஒண்ணுன்னா கூப்பிட்டா கேக்குற தூரத்துல யார் இருக்காங்க?"

கீழ் வீட்டு ஓனரம்மா என்றேன். பெயர் கேட்டார். வாசல் எந்தப் பக்கம், மாடிக்குத் தனிப் படியா என்றெல்லாம் கேட்டார். என்னைவிடப் பெரிய வம்பர் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எதற்காக இப்படி ஒவ்வொருவரையும் தேடிப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவர் சொன்னது இது: "குரல் மட்டும் தெரிஞ்சா கோவம் சீக்கிரம் வரும் மேடம். முகம் தெரிஞ்சா கொஞ்சம் லேட்டாகும். அந்த லேட்டுக்காகத்தான் வரேன்." சொல்லிவிட்டு, கிளாஸை வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். என் கிளாஸில் டீ இன்னும் சூடாக இருந்தது.

அந்த லேட் எனக்குத் தேவைப்பட்ட கதைக்கு வருகிறேன். பக்கம் கட்டுகிற மஞ்சுநாத்துக்கும் பிழை திருத்துகிற எனக்கும் பல மாதமாகப் போர் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தின் ஓரத்தில் நான் சிவப்பில் ஒன்று எழுதினால், அவன் பதிலுக்கு "ஏற்கனவே சொல்லியாச்சு" என்று எழுதுவான். "யாருக்கு?" என்று நான் எழுதுவேன். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டான். கேமராவைத் திறக்கவும் மாட்டான். அவன் கட்டத்தில் ஓர் அனுமார் படம் இருக்கும். என் கட்டத்தில் பல நாள் செம்பருத்திப் பூ. ஆக, ஒரு பூவும் ஒரு கடவுளும் அடித்துக்கொண்டிருந்தோம். சார் எங்கள் இருவருக்கும் தனித்தனியே போன் செய்து, அல்சூர் ஏரிக்கரைக்கு ஒரு மாலையில் வரச் சொன்னார். குழுவே வருவதாக நான் நினைத்துக்கொண்டேன்.

போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பருத்த ஆள் ஒருவர் கடலை தின்றுகொண்டிருந்தார். யாரையும் காணோம். பொறுக்க முடியாமல், "ஆபீஸ் ஆளுங்களை நம்பி வந்தா இப்படித்தான்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த ஆள் என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "எடுத்துக்கோங்க மேடம். ஆபீஸ்ல தொந்தரவா?"

போதாதா? "ஒருத்தன் இருக்காங்க எங்க ஆபீஸ்ல. பக்கம் கட்டுறவன். நான் ஒரு திருத்தம் சொன்னா ஏற்கனவே சொல்லியாச்சும்பான். முகத்தைக் காட்ட மாட்டான். அனுமார் படத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அந்த அனுமாருக்கே பிடிக்காது."

"பாப," என்றார் அவர், கன்னடத்தில் இரங்குகிற மாதிரி. "எங்க ஆபீஸ்லயும் ஒரு அம்மா இருக்காங்க. சிவப்புல எழுதி அனுப்புவாங்க பாருங்க, பக்கத்துக்கே அம்மை போட்ட மாதிரி இருக்கும். ராத்திரி சாப்பாடு இறங்காது."

"ஐயோ, அப்படிப்பட்டவங்களை எல்லாம் வேலைக்கே வெச்சுக்கக் கூடாதுங்க," என்று நான் உளமார வருத்தப்பட்டேன். இன்னும் கொஞ்சம் கடலை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சார் வந்தார். "பரவாயில்லையே, நானே அறிமுகம் பண்ணணும்னு இருந்தேன். பத்மினி மேடம், இவர்தான் மஞ்சுநாத்."

கடலை எனக்குப் புரையேறியது. மஞ்சுநாத்தான் முதுகில் தட்டினான். "நீங்க வாயைத் திறந்ததுமே கொரல் தெரிஞ்சிருச்சு அக்கா. மீட்டிங்ல தினமும் கேக்குறேனே. சும்னே, சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன்." சார் சிரிக்கக்கூட இல்லை. நின்றபடியே அரை டீயைக் குடித்தார். எங்களை அந்தப் பெஞ்சில் விட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். மஞ்சுநாத்தும் நானும் ஏரியில் விளக்கு விழும்வரை உட்கார்ந்து, அவரைத் தவிர மற்ற எல்லோரைப் பற்றியும் பேசினோம். என் சிவப்பு அதற்குப் பிறகும் குறைந்ததில்லை. ஆனால் எழுதும்முன் ஒரு நொடி அந்தப் பொட்டலம் கண்ணில் வந்து நிற்கும்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. வந்தது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. போன் எங்கோ அடித்தது, பிறகு அதுவும் அணைந்துபோனது. சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் கிடந்தபோது, கீழே தெருவில் அந்தக் குரல் கேட்டது: "பத்மினி மேடம்." ஒரே தடவைதான். தெருவே நின்றிருக்கும். சற்று நேரத்தில் ஓனரம்மா மாற்றுச் சாவியோடு உள்ளே வந்தார். "யாரோ பூசை வெக்கிற ஃபாதர் மாதிரி கூப்புட்டாரும்மா, வாசல்ல ஆட்டோவோட நிக்கிறாரு" என்றார்.

சார் மேலே வரவில்லை. ஆட்டோவுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தார். மருத்துவமனையில் கூட்டமான கூடத்துக்குள்ளும் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து, ஓனரம்மா வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். நாலைந்து நாள் கழித்து நான் எழுந்து நடமாடியபோது ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"எப்படி சார் தெரிஞ்சுது?"

"விரல் வரலையே."

"அது அட்டெண்டன்ஸ்னு நினைச்சேன்."

"வேலைக்கு வந்தீங்களான்னு கம்ப்யூட்டரே சொல்லிரும் மேடம். இருக்கீங்களான்னு அது சொல்லாது."

மஸ்கட் போன் வெள்ளிக்கிழமைகளில் வரும். மகளின் போன் பணம் வேண்டியிருக்கும்போது வரும், அவள் வயது அப்படி. மற்ற நாட்களில் நான் எழுந்தேனா என்று கேட்க இந்த மாநகரத்தில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அவருக்குத்தான் நான் கேள்வியைப் படிக்காமலே பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அவர் யார் தெருவுக்கும் வரவில்லை. கேமராவையும் மூடிவிட்டார். என் மூளை எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். "சார் வேற கம்பெனிக்குத் தாவப் போறார். இன்டர்வியூவுக்கு மீசையை எடுத்துட்டார் போல, அதான் முகத்தைக் காட்டலை" என்று மஞ்சுநாத்திடம் சொன்னேன். அவன் நாலு பேருக்குச் சொன்னான். கடைசியில் சாரின் காதுக்கே போனது. அவர் என்னைக் கூப்பிட்டார். "நல்ல கம்பெனியாப் பாத்துச் சேத்துவிட்டீங்களா மேடம்? சம்பளம் எவ்ளோன்னு சொன்னீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

குரலும் தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் எல்லோரும் இருந்த கூட்டத்தில் நான்தான் சொன்னேன்: "சார், ஒண்ணுமே கேக்கலை. அந்த மைக்கைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க." "மாத்திடறேன் மேடம்," என்றார்.

நுரையீரலில் கட்டி. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் என் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் எங்கள் எல்லோருடைய தெருவுக்கும் வந்திருக்கிறார். அவர் தெருவுக்கு நாங்கள் யாரும் போனதில்லை. "ஜோகுபாளையத்துக்கு வரேன் சார். உங்க பேக்கரில ஒரு பை டூ, இந்தத் தடவை என் செலவு" என்று எத்தனையோ முறை சொன்னேன். "இப்ப வேணாம் மேடம். இங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. ஆட்டோவே வராது." நானும் நம்பினேன். நம் ஊரில் ஒரு தெருவைத் தோண்டினால் மூட எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் நம்பினேன்.

அன்று மதியம் ஜோகுபாளையத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தெரு வழவழவென்று இருந்தது. தோண்டிய தழும்புகூட அதில் எங்கும் இல்லை.

பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். குளிர்பெட்டிக்குள் சார் இருந்தார். மீசை இருந்தது. மற்றபடி, அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏற்கனவே அதிகம் இல்லாத உடம்பு. அதையும் நோய் எடுத்துக்கொண்டிருந்தது. மஞ்சுநாத்தும் மற்றவர்களும் சுவரோரம் நின்றார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிலோமினா அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, காலைல நான் படிக்காம..." என்றேன். அழுதுவிட்டேன்.

"நீங்க பத்மினி," என்றார். "உங்க குரல் எங்க வீட்டுல தினமும் கேக்கும். உக்காருங்க." கையைப் பிடித்து உட்காரவைத்தார். "விரல் போட்டதுக்கா இப்படி அழறீங்க? அவர் நம்பர்ல இருந்து வந்தா வேற என்ன போடுவீங்க? ஆறு விரலும் வந்தாத்தான் அவர் காபி குடிப்பார் தெரியுமா. நேத்து வரைக்கும் அப்படித்தான். கடைசில ரெண்டு ஸ்பூன்தான் இறங்குச்சு. ஆனா ஆறும் வராம வாயைத் திறக்க மாட்டார்."

பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பிறகு என்னிடம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "இன்னிக்கு நாலுதான் வந்துச்சு. பாக்கி ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க?"

சுவரோரம் நின்ற மஞ்சுநாத்துக்கு அது கேட்டுவிட்டது. அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவன் தெருவில் போய் நின்று அழுதான்.

கல்லறையில் ஜெபம் முடிந்து பெட்டியை இறக்கினார்கள். அது ரொம்பச் சின்னப் பெட்டி. அவ்வளவு பெரிய குரலை இதற்குள் எப்படி வைத்து மூடினார்கள் என்று தோன்றியது எனக்கு. ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். எங்கள் முறை வந்தபோது, எங்கே நிற்பது, யார் பக்கத்தில் யார் என்று எங்கள் ஆறு பேருக்கும் தெரியவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டோம். "ஹோக் பன்னி சார்," என்றான் மஞ்சுநாத் மண்ணைப் போட்டு. போய்வாருங்கள் என்று அவன் மொழியில்.

மறுநாள் காலை தோசைக்கல் காய்ந்தது. ஒன்பது மணி வந்தது, போனது. போன் மேசைமேல் அப்படியே கிடந்தது. அந்த வரியை அனுப்ப எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. அவர் நாற்காலியில் போய் உட்காருவதுபோல் இருக்கும். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன். வெகுநேரம் கழித்து மஞ்சுநாத் கூப்பிட்டான்.

"அக்கா. இருக்கீங்களா?"

"இருக்கேன்பா."

"சரி."

இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

சார், உங்கள் தெரு நல்ல தெரு. பேக்கரியையும் பார்த்துவிட்டேன். ரோட்டை யாரும் தோண்டவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அதற்கு உங்களோடு சண்டை போட எனக்கு இனி வழியில்லை. அமைதியாகத் தூங்குங்கள். ஆறு பேரும் எழுந்தாயிற்று.

அன்று அடக்கத்துக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மையார், அல்சூர் மெட்ரோ வரை என்னோடு ஆட்டோவில் வந்தார். வழியில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஆபீஸ் பூட்டப்படுவதற்குப் பல வருடம் முன்பே, மனிதர்களுக்கு நடுவே அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் தனக்கு மூச்சு முட்டுகிறது, தயவுசெய்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுங்கள் என்று எங்கள் நிறுவனத்தில் முதன்முதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர் சகாயம் சார்தானாம்.